படபடக்கும் மனசு – 7: திராட்சையும் மாத்திரையும்

எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பின் முதல் நாளில் கையில் ஓர் உலர் திராட்சையைத் தருவார்கள். உடனே வாயில் போடக் கூடாது. சுருக்கங்களைப் பார்க்க வேண்டும், விரலில் உருட்ட வேண்டும், முகர வேண்டும். பிறகு நாக்கில் வைத்து, கடிக்காமல் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும். அதற்குள் மனசு நாளைய மீட்டிங்குக்கோ நேற்றைய சண்டைக்கோ ஓடிவிடும். ஓடட்டும். ஓடியது தெரிந்ததும் திராட்சைக்குத் திரும்பினால் போதும். பயிற்சி என்பது இந்தத் திரும்பல்தான். மனசைத் துடைத்துக் காலியாக்குவது அல்ல.

மைண்ட்ஃபுல்னெஸை இப்படி ஒரு பாடத்திட்டமாக்கி, 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கியவர் ஜான் கபாட்-ஜின். மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றவர். தீராத வலியோடு வந்தவர்களுக்காக ஆரம்பித்த வகுப்புக்கு, பின்னாளில் பதற்றக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். வாரம் இரண்டரை மணி நேரம் வகுப்பு. வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம். ஐந்து நிமிட ஆப்களுக்குப் பழகிய நமக்கு மலைப்பாகத்தான் இருக்கும்.

பலன் உண்டா? 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பதற்ற நோய் இருந்த 276 பெரியவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு இந்த வகுப்பும் இன்னொன்றுக்கு எஸ்சிட்டலோபிராம் மாத்திரையும் கொடுத்தார்கள். எட்டு வாரம் கழித்து இரு பக்கமும் பதற்றம் ஏறக்குறைய ஒரே அளவு இறங்கியிருந்தது. மாத்திரைப் பிரிவில் சுமார் 79 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு பக்கவிளைவு. வகுப்புப் பிரிவில் 15 சதவீதம். இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் அது வேறு வம்பு.

பிள்ளைகள் கதை வேறு. அதே 2022இல் பிரிட்டனின் ‘மிரியட்’ ஆய்வு வெளிவந்தது. 8,000க்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகள். ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்து மைண்ட்ஃபுல்னெஸைப் பாடமாக நடத்த வைத்தார்கள். வழக்கமான மனநலப் பாடம் படித்தவர்களைவிட இதைப் படித்தவர்கள் ஒன்றும் மேலாக இல்லை. பெரும்பாலானோர் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. அமெரிக்கப் பெரியவர்கள் படபடப்பு தாளாமல் வழி தேடியவர்கள். பிள்ளைகளுக்கோ அது கணக்குப் பீரியடுக்கு அடுத்த பீரியட். பதின்மூன்று வயசில் “கண்ணை மூடு, மூச்சைக் கவனி” என்றால் பக்கத்து பெஞ்சிலிருந்து சிரிப்புச் சத்தம்தான் முதலில் வரும்.

ஆகவே பரீட்சை நேரத்தில் மகளிடம் “போய் தியானம் பண்ணு” என்று அதட்டும் அப்பாக்கள் கொஞ்சம் பொறுக்கலாம். அவளாகக் கேட்டு வந்தால் நீங்களும் கூட உட்காருங்கள். மூச்சைக் கவனிக்கும்போது சிலருக்குப் படபடப்பு கூடும். அவர்கள் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு, பாதம் தரையில் பதிவதையோ தெருச் சத்தத்தையோ கவனிக்கலாம். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டுப் பள்ளிக்கே போக முடியவில்லை என்றால் திராட்சையை நம்பிக் காத்திருக்க வேண்டாம், மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான ‘டெலி மானஸ்’ எண் 14416. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அடுத்த வாரம்: ராத்திரி மூன்று மணிப் பதற்றம்.