ஒரு கலியாண வீடியோவும் ஒரு மெல்லிய வயரும்

2003இல், சமாதான காலத்தில் நடந்த கலியாணம். பொம்பிளையின் தம்பி அந்த வீடியோவில் மூன்று இடங்களில் வருகிறான். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. முள்ளிவாய்க்காலில் இருந்து செட்டிகுளம் முகாம் வரை அந்தக் கசெற்றைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுபோனவர் அவனுடைய அம்மா. "தம்பி, இதைப் போனிலை பார்க்கிற மாதிரிச் செய்து தருவியளோ?" என்று கேட்டார்.

நாடாவில் பூஞ்சணம் பிடித்திருந்தது. துடைத்தாலும் டெக்கில் பல தடவை ஓடவிடமுடியாது. என்னிடம் இருந்தது ராஸ்பெரி பை 4, உள்ளங்கை அளவான கணினி. கப்சர் கருவி ஒன்றின் வழியாக விநாடிக்கு 25 பிரேம்களை வாங்கிச் சுருக்கிப் பதியவேண்டும். நல்லகாலம், முதலில் வேறொரு கசெற்றைப் போட்டுப் பார்த்தேன். படம் துள்ளித் துள்ளி வந்தது.

புரொசெசர் எப்போதும் ஒரே மீடிறனில் ஓடுவதில்லை. என்னுடைய பலகையில் சும்மா இருக்கும்போது 600 மெகாஹேர்ட்ஸ், வேலை வந்தால் 1500. எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று தீர்மானிக்கும் மென்பொருள் பகுதிக்குக் கவர்னர் என்று பெயர் (வடக்கில் இருக்கும் நமக்கு வேறு ஒருவர் நினைவுக்கு வருவார், அது அவரல்ல). நானும் கவர்னரைத்தான் சந்தேகித்தேன். 'ஒன்டிமாண்ட்' என்று இருந்ததை 'பெர்ஃபோமன்ஸ்' ஆக மாற்றினேன். லினக்ஸ் 1500 என்று காட்டியது. ஆனால் படம் அப்போதும் துள்ளியது.

அரை நாள் இதிலேயே வீணானது. லினக்ஸ் காட்டியது தான் கேட்ட வேகத்தை, கிடைத்த வேகத்தை அல்ல. பலகைக்குள் இருக்கும் ஃபேர்ம்வெயர் ஆபத்து என்று கண்டால் லினக்ஸ் கேட்டதைத் தள்ளிவிட்டு வேகத்தைக் குறைத்துவிடும். அதனிடமே கேட்க, 'விசிஜென்சிஎம்டி' என்ற கட்டளையுடன் 'மெஷர் கிளொக் ஆர்ம்' என்று கொடுக்கவேண்டும். பதில் 600!

அப்படிக் குறைப்பதற்கு முக்கிய காரணங்கள் இரண்டு. வெப்பநிலை 80 பாகையைத் தாண்டுவது, அல்லது மின்னழுத்தம் 4.63 வோல்ற்றுக்குக் கீழே விழுவது. வெப்பநிலை 61தான். அதே கட்டளையில் 'கெட் த்ரொட்டில்ட்' என்று கேட்டேன். 50005 என்று வந்தது. கடைசி 5, இந்த நேரத்தில் மின்னழுத்தம் குறைவு, அதனால் வேகமும் குறைப்பு என்று சொல்கிறது. முதல் 5, கணினியைப் போட்ட பிறகு எப்போதோ அது நடந்தது என்பதற்கான பதிவு. வெறும் 50000 வந்தால் இப்போது சரி, முன்பு நடந்திருக்கிறது. பூச்சியம் வந்தால்தான் பிரச்சினை இல்லை.

நான் கொழுவியிருந்தது போன் சார்ஜர். வேகமாகச் சார்ஜ் செய்யும் என்று எழுதியிருந்தாலும், 5 வோல்ற்றில் அது 2 அம்பியர்தான் தரும். கூடிய வோல்ற்றைப் போன் கேட்டு வாங்கும், இந்தக் கணினி கேட்காது. நீளமான மெல்லிய வயரில் கொஞ்ச வோல்ற்று வீணானது. கப்சர் கருவியும் வன்தட்டும் அதே பலகையில் இருந்துதான் மின்னை இழுத்தன.

5.1 வோல்ற், 3 அம்பியர் சார்ஜர் ஒன்றை வாங்கினேன், தடித்த வயருடன். வன்தட்டைத் தனி மின்சாரம் உள்ள ஹப்புக்கு மாற்றினேன். கணினியை மீண்டும் போட்டு, பழைய கசெற்றை ஒரு மணித்தியாலம் ஓடவிட்டேன். பூச்சியம். கவர்னரைத் திரும்ப 'ஒன்டிமாண்டில்' விட்டேன், அதில் பிழையே இருக்கவில்லை.

பிறகுதான் அம்மாவின் கசெற்றைப் போட்டேன், ஒரே ஒரு தடவை. பந்தியில் சோடா கொடுத்துக்கொண்டு போகிறவன் கமராவைத் திரும்பிப் பார்த்து ஏதோ சொல்கிறான். சத்தத்தில் எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கியது.

இரண்டு பென்ட்ரைவில் போட்டுக் கொடுத்தேன், ஒன்று அக்கா வீட்டில் இருக்கட்டும் என்று.