புறா மாடம்

இங்கிலாந்தில் ஹெரிபோர்டுஷயர் பகுதியிலுள்ள கார்வே என்னும் சிற்றூரில், 1326ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற புறா மாடம் ஒன்று இன்றும் நிற்கிறது. அதனைக் கட்டியோர் ஹாஸ்பிடலர் என்னும் சமயப் போர்வீரர் சங்கத்தார். வட்ட வடிவம், தடித்த கற்சுவர், உட்புறத்தில் வரிசை வரிசையாக 666 பொந்துகள்.

வட்டமாகக் கட்டுவதில் பயன் உண்டு. இத்தகைய மாடங்கள் பலவற்றில் நடுவே சுழலும் தூணை நிறுத்தி, அதனோடு ஏணியைப் பிணைத்திருப்பர். ஏணியைவிட்டு இறங்காமலே சுற்றிவந்து பொந்துகளிலுள்ள குஞ்சுகளை எடுக்கலாம்.

குஞ்சுகள் நிலப்பிரபுவின் உணவாயின. புறாக்கள் மேய்ந்ததோ உழவனின் வயலில். பிரான்சில் 1789 ஆகஸ்டு 4ஆம் நாள் இரவு ஒழிக்கப்பட்ட சலுகைகளுள் புறாமாட உரிமையும் ஒன்று. ஆதலின், என் மாணவர்க்கு நான் கூறுவது இதுவே: பழங்கட்டடத்தின் அழகைக் காணுங்கள், அதற்கு இரையளித்த வயல் எவருடையது என்றும் கேளுங்கள்.