வைரஸ் தொற்றும் உயிரணுவின் தன்விழுங்கலும்

தன்விழுங்கல் என்றால் என்ன?
உயிரணுக்கள் தமக்குள் பழுதடைந்த பகுதிகளைத் தாமே செரித்து, கிடைக்கும் மூலப்பொருள்களை மீண்டும் பயன்படுத்திக்கொள்கின்றன. ஆட்டோஃபேஜி எனப்படும் இச்செயலே தன்விழுங்கல் ஆகும். செரிக்க வேண்டிய பொருளைச் சவ்வாலான ஒரு பை சூழ்ந்துகொள்கிறது. அப்பை, நொதிகள் நிறைந்த லைசோசோமுடன் இணைந்ததும் உள்ளிருப்பவை சிதைகின்றன. இதன் இயங்குமுறையைக் கண்டறிந்த ஜப்பானிய அறிவியலாளர் யோஷினோரி ஓசுமிக்கு 2016-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நோயெதிர்ப்பு மண்டலத்திற்கு இது எவ்வாறு உதவுகிறது?
வைரஸ், உயிரணுவுக்குள் மறைந்து பெருகுகிறது. வெளியே உலவும் நோயெதிர்ப்பு அணுக்களால் அதை நேரடியாகக் காண இயலாது. தன்விழுங்கல் இரு வழிகளில் அதைக் காட்டிக்கொடுக்கிறது.

• வைரஸின் மரபுப்பொருளை, அதை உணரும் ஏற்பிகள் உள்ள பைகளுக்குக் கொண்டு சேர்க்கிறது. உடனே இன்டர்ஃபெரான் என்னும் எச்சரிக்கைப் புரதம் சுரக்கிறது.
• வைரஸ் புரதங்களைத் துண்டுகளாக்குகிறது. அத்துண்டுகள் உயிரணுவின் மேற்பரப்பில் வைக்கப்படும்போது, உதவி டி அணுக்கள் அவற்றை அடையாளம் காண்கின்றன. எப்ஸ்டீன்-பார் வைரஸின் ஒரு புரதம் இவ்வழியில் வெளிப்படுவதை 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது.

சில வைரஸ்கள் இதிலிருந்து தப்பவும் முயல்கின்றன. அக்கி வகையைச் சேர்ந்த ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் தன்விழுங்கலைத் தடுக்கும் புரதத்தை உருவாக்குகிறது. போலியோ வைரஸோ, அதே சவ்வுகளைத் தான் பெருகுவதற்குப் பயன்படுத்திக்கொள்கிறது. எனவே, தன்விழுங்கல் கூடினால் எப்போதும் நன்மையே என்று கொள்ள இயலாது.

காய்ச்சலின்போது பட்டினி இருக்கலாமா?
உணவு குறையும்போது தன்விழுங்கல் அதிகரிப்பது உண்மையே. ஆயினும், பட்டினியால் வைரஸ் காய்ச்சல் குணமாகும் என்பதற்கு உறுதியான மருத்துவச் சான்று இல்லை. குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், இன்சுலின் பயன்படுத்துவோர் ஆகியோருக்குப் பட்டினி ஆபத்தானது.

நீங்கள் செய்ய வேண்டியவை
• நோயாளிக்குக் கஞ்சி போன்ற எளிதில் செரிக்கும் உணவையும் போதிய நீரையும் சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுங்கள்.
• முடக்குவாதத்திற்குத் தரப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் லைசோசோமின் செயலைக் குறைக்கும் மருந்து. அதற்காக அதனை நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்.
• மூச்சுத்திணறல், குழப்பம், தொடர் வாந்தி, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.
• உரிய காலத்தில் தடுப்பூசி செலுத்திக்கொள்ளுங்கள். தொற்று வருமுன்னரே வைரஸை அடையாளம் காண உங்கள் உடலைப் பயிற்றுவிக்கும் நம்பகமான வழி அதுவே.