ஆங்கிலத்தின் சாதாரண நிகழ்காலம்

நம் ஊராட்சிகளின் அலுவல்கள் தமிழில் நடைபெறுகின்றன. 1956ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் அதற்கு வழி வகுத்தது. எனினும், வானூர் வட்டார மக்களுக்கு ஆங்கிலமும் அவ்வப்போது தேவைப்படுகிறது. 1968இல் தொடங்கப்பெற்ற ஆரோவில்லில் பல நாட்டவர் வாழ்கின்றனர். பம்பு, பூச்சிமருந்து முதலியவற்றின் குறிப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. ஆகவே, அம்மொழியின் வினைச்சொல் பற்றிய ஒரு நுட்பத்தை இங்கு விளக்குவோம்.

'மோட்டார் ஓடுகிறது' என்கிறோம். இப்பொழுது ஓடுகிறது என்றும், நாள்தோறும் ஓடுவது வழக்கம் என்றும் அது பொருள்படும். இடம் நோக்கி நாம் அறிந்துகொள்கிறோம். ஆங்கிலத்திலோ இவ்விரண்டும் வெவ்வேறு வடிவம் பெறும். 'தி மோட்டார் ரன்ஸ்' என்பது வழக்கத்தைக் குறிக்கும். 'தி மோட்டார் ஈஸ் ரன்னிங்' என்பது இப்பொழுது நடப்பதைக் குறிக்கும். முன்னதே சாதாரண நிகழ்காலம். வழக்கம், இயற்கை நியதி, நிலையான ஏற்பாடு ஆகியவற்றை உரைக்க அது பயன்படும்.

இவ்வேறுபாடு சிறியதன்று. பயிர் வாடும் வேளையில் பம்பு ஒழுகுகிறது எனக் கொள்வோம். வெளி மாநில நிறுவனத்துக்கு 'தி பம்ப் லீக்ஸ்' என்று எழுதினால், நெடுநாளாக உள்ள குறை என அவர்கள் கருதக்கூடும். 'தி பம்ப் ஈஸ் லீக்கிங்' என்று எழுதினால், இப்பொழுதே ஒழுகுகிறது என்பது விளங்கும்.

இனி, வினையின் ஈற்றைக் கவனிப்போம். தமிழில் வருகிறேன், வருகிறாய், வருகிறார் என ஈறு பலவாறு மாறும். ஆங்கிலத்தில் அத்துணை மாற்றம் இல்லை. ஐ, யூ, வி, தே ஆகியவற்றுக்குப் பின் 'கம்' மாறாது. ஹீ, ஷீ, இட் என்னும் படர்க்கை ஒருமைக்கு மட்டும் 'எஸ்' என்னும் எழுத்துச் சேர்ந்து 'கம்ஸ்' ஆகும். எதிர்மறையில் அவ்வெழுத்து 'டஸ்' என்பதில் அடங்கிவிடும். 'ஹீ டஸ் நாட் கம்' என்பதே சரி.

இரண்டு எடுத்துக்காட்டுகளைக் காண்போம். 'தி கிராம சபா மீட்ஸ் ஆன் ஆகஸ்ட் 15': சபை ஒருமையாதலால் வினையில் 'எஸ்' வந்தது. கழுவெளி ஏரிக்குப் பனிக்காலந்தோறும் பறவைகள் வருவதை 'பேர்ட்ஸ் கம் எவ்ரி வின்டர்' என்போம்: பெயர் பன்மையாதலால் வினை மாறவில்லை.

எழுதுமுன், 'இது வழக்கமா, இப்பொழுது நடப்பதா?' என்று நம்மையே கேட்டுக்கொள்வோமாக. பிழைகளிற் பல அக்கேள்வியிலேயே நீங்கிவிடும்.