சக்கரத்தின் மேல் குடித்தனம்

வீடு என்றால் நிற்பது, வண்டி என்றால் ஓடுவது என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். இவ்விரண்டையும் ஒன்றாக்கி, வண்டிக்குள்ளேயே உண்டு, உறங்கி, தொழிலும் செய்து வாழ்வோர் உலகெங்கும் உள்ளனர். மேனாட்டார் இத்தகைய வண்டியைக் கேரவன் என்றும் டிரெய்லர் என்றும் அழைப்பர். மடிக்கணினி ஒன்றிருந்தால் எந்த ஊரிலிருந்தும் ஊதியம் பெறலாம் என்னும் நிலை வந்தபின், குறிப்பாக 2020-ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின், நம் நாட்டு இளைஞரையும் இந்த ஆசை பற்றிக்கொண்டது. மானசகங்கோத்திரி விடுதியில் என் அடுத்த அறை நண்பர் படிப்பு முடிந்ததும் பழைய வேன் ஒன்றை வாங்கி வீடாக்கப் போகிறாராம். இப்போதே திரைச்சீலைக்கு நிறம் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்காகப் போட்ட கணக்குத்தான் இக்கட்டுரையாக வளர்ந்தது. பௌதிகம் பயில்பவன் ஆதலால் கணக்கில்லாமல் எனக்குப் பேச வராது, அன்பர்கள் பொறுத்துக்கொள்க.

இது மேனாட்டுப் புதுமை என்று எண்ண வேண்டுவதில்லை. உப்பு வணிகராகிய உமணர் குடும்பத்தோடு வண்டி கட்டிச் சென்றதைப் பெரும்பாணாற்றுப்படை விரிவாகக் காட்டுகிறது. வண்டியில் கோழிக் கூடு உண்டு, உரல் உண்டு, காடிக் கலம் தொங்குகிறது, குழந்தையை உடைய தாய் எருதுகளை ஓட்டுகிறாள். வழியில் அச்சு முறிந்தால் என் செய்வது? மாற்று அச்சு ஒன்றை அடியில் கட்டிச் செல்வது உமணர் வழக்கம் என்பதைப் புறநானூற்றில் ஔவையார் பாடலால் அறிகிறோம். சமையலறை, சேமிப்பு, கோழிப்பண்ணை, உதிரிப் பாகம் எல்லாம் அதிலேயே அடக்கம்!

ஆங்கில நாட்டில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் மருத்துவர் 1885-இல் ‘வாண்டரர்’ என்ற பெயரில் ஒரு வண்டியைக் கட்டுவித்தார். ஏறத்தாழ இரண்டு டன் எடை. இழுப்பதற்கு இரண்டு குதிரைகள். அவர் சிறுவர்களுக்குக் கதை எழுதிப் பிழைத்தவர். ஆதலின் வண்டி அவருக்கு வீடாகவும் எழுதும் அறையாகவும் பயன்பட்டது. இன்று மடிக்கணினியோடு கிளம்புவோர்க்கெல்லாம் அவரே முன்னோர் எனலாம்.

நம் மைசூரிலும் இதன் அரச வடிவம் ஒன்றைக் காணலாம். புகைவண்டி நிலையத்துக்கு அருகில், 1979-இல் தொடங்கிய ரயில் அருங்காட்சியகத்தில், மைசூர் மகாராணியார் பயணம் செய்த பெட்டி நிற்கிறது. 1899-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சமையற்கட்டு, உணவறை, கழிப்பறை எல்லாம் உண்டு. ஆனால் அதன் பின்னே பணியாட்களும் முன்னே எஞ்சினும் இருந்தன. தனி ஒருவன் குடித்தனத்துக்கு அது பாடமாகாது.

அதற்குப் பாடமாகக் கூடியது நாமக்கல் மாவட்டத்திலிருந்து வந்தது. கட்டடக்கலை பயின்ற அருண் பிரபு என்னும் இளைஞர் 2019-இல் மூன்று சக்கர ஆட்டோவின் மேல் ஒரு வீடு கட்டினார். பரப்பு 36 சதுர அடி. செலவு ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய். படுக்கை, சமையல், கழிப்பறை, வேலை செய்ய ஓர் இடம், 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 600 வாட் சூரியத் தகடு எல்லாம் அதற்குள் அமைந்துவிட்டன. இந்த அளவுகளையே எடுத்துக்கொண்டு, மைசூரில் ஒருவர் இதில் நிரந்தரமாக வாழ்ந்தால் என்னாகும் என்று பார்ப்போம்.

முதலில் தண்ணீர். நகரவாசிக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வேண்டும் என்பது நம் நாட்டின் திட்ட அளவு. சிற்றூர்க் குடிநீர்த் திட்டங்களில் அது 55 லிட்டர். முதல் கணக்கின்படி தொட்டி இரண்டு நாள் கூடத் தாங்காது. இரண்டாவதன்படி நான்கரை நாள். பெரிய தொட்டி வைக்கலாமே என்றால், ஒரு லிட்டர் ஒரு கிலோ. 250 லிட்டரே நான்கு ஆட்களின் எடை! வண்டி வீட்டில் வாழ்பவர் வாரத்தில் இருமுறையாவது யாரோ ஒருவர் வீட்டுக் குழாயடியில் நின்றே ஆகவேண்டும்.

மின்சாரம் இதைவிட இணக்கமானது. மைசூரில் தெளிந்த நாளில் ஐந்து மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கும் என்று கொள்ளலாம். 600 வாட் தகடு மூன்று யூனிட் தரும். சேமக்கலத்தில் புகுந்து வெளிவருவதற்குள் இரண்டேகால் யூனிட்டாகக் குறையும். மடிக்கணினிக்கு அரை யூனிட், சிக்கன மின்விசிறிக்கு அரை யூனிட், விளக்குக்குச் சிறிது. மீதியில் ஒரு சின்னக் குளிர்பெட்டி ஓடலாம். மின்னடுப்பு மட்டும் ஆகாது. ஒன்றரை மணி நேரச் சமையலுக்கே அத்தனை யூனிட்டும் தீர்ந்துவிடும். ஆடி மாத மேகமூட்டத்தில் குளிர்பெட்டியையும் மறந்துவிட வேண்டியதுதான். பெட்டியில்லாமல் உணவு கெடாதிருக்க வழி நம் ஊரிலேயே உண்டு. 1961 முதல் இங்கு இயங்கும் ராணுவ உணவு ஆய்வகம், எல்லைப் படையினர்க்காக உறையில் அடைத்த உணவுகளைக் கண்டு வந்திருக்கிறது. மாதக்கணக்கில் கெடாத சப்பாத்தியும் அவற்றுள் ஒன்று. சுவை பற்றி நான் வாய் திறக்கவில்லை.

வெயிலோ தகட்டின் மேல் மட்டும் விழுவதில்லை. உச்சிப் பொழுதில் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் வாட் விழும். 36 சதுர அடிக் கூரைக்கு 3,300 வாட். இரண்டு மின்னடுப்புகளைத் தலைக்கு மேல் எரியவிட்டதற்கு ஒப்பாகும். கல்வீடு பகலில் குடித்த வெப்பத்தை இரவில்தான் விடும்; தகரத்துக்கு அந்தப் பொறுமை இல்லை. வெள்ளைச் சாயமும், கூரைக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு இன்னொரு நிழற்கூரையும் இருந்தால் பெரும்பகுதி தப்பலாம். ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்திலிருக்கும் மைசூரில் இது போதும். சேலத்தில் போதாது.

எவரும் எண்ணிப் பாராதது மூச்சுக் காற்று. ஏழடி உயரம் வைத்தால் அந்த அறையில் அடங்கும் காற்று ஏறத்தாழ 7,100 லிட்டர். உட்கார்ந்து வேலை செய்பவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமிலவாயுவை வெளிவிடுகிறார். வெளிக்காற்றில் அதன் அளவு நூற்றுக்கு 0.04 பங்குதான். எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு அமர்ந்தால் ஒரு மணி நேரத்தில் அது 0.29 ஆகிவிடும், தலை கனக்கும், எழுதும் வாக்கியம் ஓடாது. மணிக்கு ஐந்து முறையாவது உள்ளிருக்கும் காற்று முழுவதும் மாற வேண்டும்.

கரியமிலவாயு தலைவலி தந்து எச்சரிக்கும். கார்பன் மோனாக்சைடு அப்படிப்பட்டதன்று. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் சிவப்பணுக்களை ஆக்சிஜனைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றும். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவன் ஒன்றில் இருவர் இறந்து கிடந்தனர். ஜெனரேட்டரின் புகை வண்டிக்குள் புகுந்ததே காரணம் என்று ஆராய்ந்தோர் கண்டனர். என் நண்பர் திரைச்சீலை வாங்கும் முன் இந்த வாயுவை உணர்ந்து ஒலிக்கும் கருவி ஒன்றை வாங்குவார் என்று நம்புகிறேன்.

இதுவரை சொன்னது ஆசையால் வண்டியில் வாழ்பவர் கதை. ஆசையின்றி வாழ்பவர்களை நான் நன்கு அறிவேன். எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு இந்தியா முழுவதும் பெயர்பெற்ற ஊர் அது. என் தந்தையார் பத்தொன்பது ஆண்டுகளாக அத்தகைய வண்டியில் இருக்கிறார். அவர் வண்டி பெரும்பாலும் கர்நாடகத்தில் ஓடியதால்தான் குடும்பம் மைசூருக்குக் குடியேறியது. ஆயினும் மாதத்தில் மூன்று நாள் அவரை வீட்டில் கண்டால் அதிசயம்.

ரிக் என்பது தனி வண்டியன்று. துளையிடும் எந்திரம் ஒரு லாரியில். இருபதடி ராடுகள், கேசிங் பைப்பு, டீசல், அரிசி மூட்டை, அடுப்பு, ஆட்கள் எல்லாம் இன்னொரு லாரியில். அர்த்தநாரீசுவரர் ஊரல்லவா, இரண்டு பாதி சேர்ந்தால்தான் முழு உரு! கம்பிரசரிலிருந்து வரும் காற்று, குழியின் அடியிலுள்ள ஹாமரை விடாமல் தட்டுகிறது. அதே காற்று நொறுங்கிய கல்லை மேலே தள்ளுகிறது. ஆறரை அங்குலத் துளை ஆயிரம் அடி இறங்க ஐம்பது ராடுகள் வேண்டும். மைசூரின் அடியிலுள்ள நைஸ் பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமை உடையது. அது தூளாகி வரும்போது அதிலுள்ள சிலிக்கா நுரையீரலுக்கு நஞ்சு.

பத்துப் பேர் இரவும் பகலும் முறை வைத்து வேலை செய்கின்றனர். தமிழரோடு ஒடிசா, சத்தீஸ்கர் மாநிலத்தாரும் உண்டு. முறை முடிந்தவர் துணை லாரியில், ராடுகளுக்கு மேல் பலகையும் தார்ப்பாயும் போட்டு உறங்குவர். தண்ணீருக்கு இரண்டு 200 லிட்டர் பீப்பாய்கள். ஆளுக்கு 40 லிட்டர். ஆயிரம் அடியிலிருந்து பிறர்க்கு நீர் எடுத்துக் கொடுப்பவர்கள், குளிப்பதற்குத் தோட்டக்காரர் தொட்டியை நாட வேண்டும். புதுக் கிணற்றில் முதலில் வருவது சேறுதானே. தேர்தல் நாளில் வண்டி எந்த மாநிலத்தில் நிற்கிறதோ, வாக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் காத்திருக்கும்.

இவற்றையெல்லாம் தந்தையார் குறையாகச் சொல்வதில்லை. “ஊடு எங்கூடவே வருது கண்ணு, உனக்கென்ன?” என்பார். ஆனால் தொலைபேசியில் நான் ஒன்றை மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கிறது. எந்திரத்தின் அருகே ஒலி நூறு டெசிபெலைத் தாண்டும். 85 டெசிபெலை நாளுக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம். மூன்று டெசிபெல் ஏறுந்தோறும் நேரம் பாதியாகக் குறையும் என்பது பலரும் பின்பற்றும் மருத்துவ விதி. நூறு டெசிபெலுக்குக் கால் மணி நேரந்தான். இவர்களோ வேலை நேரத்தில் மட்டுமன்றி, உறங்கும் நேரத்திலும் அதனருகே கிடக்கின்றனர். 2025-ஆம் ஆண்டு முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறைக்குக் குளிர்சாதனம் வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. நல்லதே. ஆனால் அது ஸ்டியரிங் இருக்கும் அறைக்கு, தார்ப்பாய்க்கு அன்று.

இங்கேதான் டிரெய்லர் என் நினைவுக்கு வந்தது. துணை லாரியை ரிக்கை விட்டு விலக்கி நிறுத்த முடியாது. ராடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். உறங்கும் அறையை மட்டும் கழற்றக்கூடிய சிறு டிரெய்லராக அமைத்தால்? திறந்த வெளியில் தூரம் இருமடங்காகும்போது ஒலி ஆறு டெசிபெல் குறையும். பத்து மீட்டரில் இருப்பதை நாற்பது மீட்டருக்குத் தள்ளினால் பன்னிரண்டு டெசிபெல் குறையும். மேற்சொன்ன விதிப்படி காது தாங்கும் நேரம் பதினாறு மடங்காகும். காற்று வீசும் திசைக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தினால் கல்தூளும் தொலையும். மேலே ஒரு தகடு, உள்ளே இரண்டு விசிறி, ஆறு படுக்கை. நண்பரின் வேனைவிட இதற்கே அவசரம் மிகுதி என்று எனக்குப் பட்டது.

படம் வரைந்து தந்தையாரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, தென்னந்தோப்புச் சந்தில் இதை எப்படிப் பின்னால் எடுப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி. டிரெய்லரைப் பின்னோக்கி ஓட்டும்போது ஸ்டியரிங்கை வலப்புறம் திருப்பினால் அது இடப்புறம் திரும்பும். டிரெய்லர் குட்டையாக இருந்தால் நொடியில் மடங்கி லாரியோடு மோதும். இரவு இரண்டு மணிக்கு, வரப்பு ஓரத்தில், தூக்கக் கண்ணோடு ஓட்டுநர் இதைச் செய்ய வேண்டும். ஆகவே சந்துக்கு வெளியே கழற்றி, நால்வர் கையால் தள்ளிச் செல்லும்படி எடையை 400 கிலோவுக்குள் அடக்க முயன்று கொண்டிருக்கிறேன். தண்ணீர்த் தொட்டி லாரியிலேயே இருந்துவிடும். ஆறு படுக்கை நான்காகிவிட்டது. முறை வைத்து உறங்குவோர்க்கு நான்கு போதும் என்கிறார் தந்தையார்; சமையற்காரர்க்கு ஒன்று சேர்த்து ஐந்தாக்கு என்கிறார் வண்டியின் டிரில்லர்.