கொயோட்டியைச் சுடும் முன் காகிதத்தைச் சுடும் வேட்டைக்காரர்கள்... ஏன் தெரியுமா?

தோட்டா ஒன்றுதான். ஆனால், விசையை அழுத்தினால் பாய்வது 41 குண்டுகள்! அவற்றில் எத்தனை குறியில் படும்? அமெரிக்காவில் கொயோட்டி வேட்டைக்குப் போகிறவர்கள் இதற்கு விடை தேடுவது காட்டில் அல்ல, ஒரு பெரிய காகிதத்தில்.

நரியைவிடப் பெரியது, ஓநாயைவிடச் சிறியது கொயோட்டி. ஹவாய் தவிர அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. ஆட்டுக்குட்டிகளை வேட்டையாடுவதால் பண்ணைக்காரர்களுக்கு இதனுடன் தீராத பகை. புதர்க்காட்டில் இது கிட்டத்தில் வரும்போது பலரும் நம்புவது ஷாட்கன்னைத்தான்.

மேஜையில் தயாராகும் தோட்டா

சிலர் தோட்டாவை வீட்டிலேயே தயாரிக்கிறார்கள். பிளாஸ்டிக் கூடு, அடியில் பிரைமர், அதன்மேல் வெடிமருந்து, பிறகு ‘வாட்’ என்ற அடைப்பு, மேலே பால்ரஸ் குண்டுகள். சுடும்போது குண்டுகள் ஒன்றோடொன்று நசுங்கினால் திசை மாறிவிடும். அதனால், இடைவெளிகளில் பிளாஸ்டிக் தூளை நிரப்புவதும் உண்டு.

இதில் கைக்கணக்குக்கு இடமே இல்லை. சோதித்து வெளியிடப்பட்ட அளவுப் பட்டியலை அப்படியே பின்பற்ற வேண்டும். வாட் அல்லது பிரைமரை மட்டும் மாற்றினால்கூட உள்ளே அழுத்தம் எகிறி, துப்பாக்கி சுடுபவரின் கையிலேயே வெடிக்கலாம்.

காகிதக் கணக்கு

தயாரித்த தோட்டாவை 40 கெஜம், அதாவது சுமார் 37 மீட்டர் தூரத்தில் உள்ள காகிதத்தில் சுடுகிறார்கள். துளைகள் அதிகமாக விழுந்த இடத்தைச் சுற்றி 30 அங்குல வட்டம் போட்டு, உள்ளே இருப்பதை எண்ணுகிறார்கள். 41-ல் 29 உள்ளே இருந்தால் சுமார் 71 சதவிகிதம். குழல் முனையைக் குறுக்கும் ‘சோக்’கில் ‘ஃபுல்’ வகைக்கு எதிர்பார்க்கப்படுவது 70 சதவிகிதம்.

ஒரு முறை சுட்டால் போதாது. ஒவ்வொரு முறையும் சிதறல் மாறும் என்பதால், பலமுறை சுட்டுச் சராசரி பார்க்க வேண்டும்.

சதவிகிதம் மட்டும் போதுமா?

போதாது. 71 சதவிகிதம் இருந்தும் குண்டுகள் ஓரங்களில் குவிந்து, நடுவில் வெற்றிடம் விழலாம். கொயோட்டியின் அடர்ந்த ரோமம், அது உண்மையில் இருப்பதைவிடப் பெரிய உடல்போலக் காட்டும். இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியோ சிறியது. அங்கே ஓரிரு குண்டுகள் மட்டும் பட்டால் விலங்கு உடனே சாகாது. காயத்தோடு புதருக்குள் ஓடி, மணிக்கணக்கில் துடிக்கும். அதனால்தான் பலர் காகிதத்தில் கொயோட்டியின் உருவத்தையும் வரைந்து பார்க்கிறார்கள்.

குண்டு எதனால் ஆனது என்பதும் முக்கியம். ஈயத்தைவிட எஃகு எடை குறைந்தது. சீக்கிரமே வேகம் இழக்கும். டங்ஸ்டன் கலவை ஈயத்தைவிட அடர்த்தியானது, ஆனால் விலை மிக அதிகம். ஈயம் கிடந்த சடலங்களைத் தின்ற காண்டர் கழுகுகள் செத்ததால், கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயத் தோட்டா முற்றிலும் தடை.

20, 30, 40 கெஜம் என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஓர் இடத்தில் துளைகளுக்கிடையே பெரிய இடைவெளிகள் தெரியும். அந்தத் துப்பாக்கிக்கும் அந்தத் தோட்டாவுக்கும் அதுதான் எல்லை. அதைத் தாண்டி நிற்கும் கொயோட்டியைப் பார்த்தும், பொறுப்புள்ள வேட்டைக்காரர் விசையில் கை வைப்பதில்லை.