முகநூலில் எழுத்தாளரும் வாசகரும்

நூல் வெளியீட்டு விழா நிறைவடைந்த மறுநாள் எமது எழுத்தாளர் பலரின் முகநூல் பக்கங்களில் ஒரே விதமான படங்களையே காண்கிறோம். மங்கல விளக்கேற்றல், பொன்னாடை போர்த்தல், முதற்பிரதி வழங்கல், பிரமுகர்கள் நூலை நெஞ்சோடு அணைத்தவாறு வரிசையாக நிற்றல் என்று அவை நீண்டு செல்லும். அவற்றின் கீழே 'வாழ்த்துக்கள்' என்ற ஒற்றைச் சொல் பலநூறு தடவை இடம்பெற்றிருக்கும். நூலில் என்ன எழுதப்பட்டுள்ளது, அதன் விலை என்ன, மட்டக்களப்பிலோ ஹட்டனிலோ மன்னாரிலோ வசிக்கும் ஒருவர் அதனை எவ்வாறு பெற்றுக்கொள்வது என்ற விபரங்கள் மாத்திரம் தேடியும் கிடைப்பதில்லை. விழாவிற்கு வந்தவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தியையே மீண்டும் அவர்களுக்கு அறிவிப்பதாக இது அமைந்து விடுகின்றது.

வாசகரைத் தேடிச் செல்வது ஈழத்து இலக்கியத்திற்குப் புதியதொரு விடயமல்ல. 1966ஆம் ஆண்டு 'மல்லிகை' சஞ்சிகையை ஆரம்பித்த டொமினிக் ஜீவா, இதழ்களைத் தாமே கையில் சுமந்து யாழ்ப்பாணத்துத் தெருக்களில் நடந்து விற்றவர் என்பதை மூத்த வாசகர்கள் அறிவர். இதழைக் கையில் கொடுத்த அதே கணத்தில் வாசகரின் அபிப்பிராயமும் அவரது காதில் விழுந்தது. கஸ்தூரியார் வீதியில் இருந்த அவரது சலூன் எழுத்தாளர்களும் வாசகர்களும் கூடுமிடமாக விளங்கியது. நான்கு தசாப்தங்களுக்கும் மேலாக ஒரு சிற்றேடு நின்று நிலைத்தமைக்கு இந்த நேரடித் தொடர்பு ஒரு முக்கிய காரணம் என்றே நாம் கருதுகிறோம். 2021ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் மறைந்தபோது அஞ்சலிக் குறிப்புகள் முகநூலிலேயே குவிந்தன. அவற்றை எழுதியவர்களில் எத்தனை பேர் தமது வாசகரை அவ்வாறு தேடிச் சென்றிருப்பர் என்று எண்ணத் தோன்றியது.

முகநூல் எவ்வாறு இயங்குகின்றது என்பதையும் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். நாம் இடும் பதிவு எமது நண்பர்கள் அனைவருக்கும் சென்றடைவதில்லை. உரையாடலைத் தூண்டும் பதிவுகளுக்கே முன்னுரிமை வழங்கப்படும் என அந்நிறுவனம் 2018ஆம் ஆண்டு ஜனவரியில் அறிவித்தது. ஆகவே வெறும் அறிவித்தலை இட்டுவிட்டு அகன்று விடுபவரின் பதிவு ஓரிரு மணித்தியாலங்களில் மறைந்து போகின்றது. ஒரு கதை பிறந்த சூழல், கைப்பிரதியில் வெட்டி நீக்கிய ஒரு பந்தி, ஒரு வட்டார வழக்குச் சொல் பற்றிய ஐயம் ஆகியவற்றை எழுதி, வருகின்ற கருத்துகளுக்குப் பொறுமையாகப் பதிலளிப்பவரிடம் வாசகர் மீண்டும் வருகின்றனர். அனுமதியின்றி ஐம்பது பேரின் பெயர்களைப் பதிவுடன் இணைத்து விடுவது வாசகரை விரட்டுவதற்கான இலகுவான வழியாகும்.

இன்னுமொரு குறைபாட்டையும் இங்கு சுட்டிக்காட்ட விரும்புகிறோம். எமது நாட்டில் நீண்டகாலமாகப் பாமினி எழுத்துருவிலேயே தட்டச்சுச் செய்யப்பட்டு வந்தது. அதனை அப்படியே இணையத்தில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். எனவே பலர் பக்கத்தைப் படமாக்கி இடுகின்றனர். படத்திலுள்ள கவிதையைத் தேடுபொறியினால் எளிதில் கண்டெடுக்க முடியாது. திரைவாசிப்பான் மென்பொருளின் துணையுடன் வாசிக்கும் விழிப்புலனற்றோருக்கும் அது பெரும்பாலும் எட்டாக்கனியே. ஒருங்குறிக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சில நிமிட வேலைதான்.

பாராட்டை மட்டுமே எதிர்பார்ப்பது அடுத்த நோய். நூலில் குறை கண்ட வாசகரை நட்பு வட்டத்திலிருந்தே நீக்கிய எழுத்தாளர்களை நாம் கண்டிருக்கிறோம். பணம் கொடுத்து வாங்கி, முழுமையாக வாசித்து, நேரம் ஒதுக்கி எழுதிய அவரைவிடச் சிறந்த வாசகர் வேறு யார்?

எனினும் இவ்வூடகத்தில் எழுதுவது ஆபத்தற்றது என்று எவரும் சொல்ல முடியாது. சிங்கள எழுத்தாளரான சக்திக சத்குமார தமது முகநூலில் இட்ட ஒரு சிறுகதைக்காக 2019ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் திகதி கைதாகி, நான்கு மாதங்களுக்கு மேல் விளக்கமறியலில் இருந்தார். 2021ஆம் ஆண்டிலேயே அவர் விடுவிக்கப்பட்டார். 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பை அச்சில் வெளியிட்ட அஹ்னாப் ஜஸீம் 2020ஆம் ஆண்டு மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். வன்முறையைக் கண்டிக்கும் கவிதைகளும் அதே தொகுப்பில் இருந்தன. 2021 டிசம்பரில் பிணை கிடைத்த போதிலும், புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்வதற்கு 2023 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இந்த அச்சத்தை மேலும் அதிகரித்தது. மறுபுறத்தில், 2018ஆம் ஆண்டு மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம்களுக்கு எதிராக வன்முறை வெடித்தபோது, வெறுப்புப் பதிவுகள் தடையின்றிப் பரவியதையும் நாம் கண்டோம். தமது தளம் துஷ்பிரயோகம் செய்யப்பட்டமைக்கு முகநூல் நிறுவனம் 2020ஆம் ஆண்டிலேயே மன்னிப்புக் கோரியது.

இத்தகைய நிலையில் எழுத்தாளருக்கு உண்மையான பாதுகாப்பு எங்கிருந்து கிடைக்கும்? அவரது எழுத்தை வாசித்து, இதன் பொருள் இதுவே என்று பகிரங்கமாக எடுத்துக்கூறக்கூடிய வாசகர்களிடமிருந்தே அது கிடைக்க முடியும். வாழ்த்துக்கள் என்று மட்டும் எழுதிச் சென்ற நூற்றுவருக்கு அவ்வேளையில் சொல்வதற்கு எதுவும் இருக்காது. அவர்கள் நூலைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.